செராமிக் பான்ல மீன் வறுக்கலாமா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பால் வெள்ளையில ஒரு ஃப்ரை பான். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாம முட்டையை ஊத்துறாங்க. பானை லேசா சாய்ச்சதும் ஆம்லெட் சறுக்கிக்கிட்டு வந்து தட்டுல விழுது. கீழே 'டாக்ஸின் ஃப்ரீ', '100 சதவிகிதம் செராமிக்'னு பெரிய எழுத்துல ஓடுது. விரல் தானா 'பை நவ்' பட்டன் பக்கம் போகுது இல்லையா?

கொஞ்சம் பொறுங்க. அந்தப் பானை மனசுக்குள்ளேயே ஜெகதாப்பட்டினத்துக்குக் கொண்டுபோய் ஒரு அடுப்புல வெச்சுப் பார்த்துடுவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பாக் நீரிணைக் கரையில் இருக்கிற மீனவர் ஊர். விசைப்படகுத் தளம் இருக்கிற ஊர் என்பதால், படகு திரும்புற நாளில் வீட்டுக்கு வீடு மீன் வாசம்தான். ஆம்லெட்டை எந்தப் புதுப் பானும் வழுக்க வெச்சுடும், அது எல்.கே.ஜி பரீட்சை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு தடவின சங்கரா மீனை அடுப்பைத் திறந்துவிட்டு முறுகலா வறுத்தெடுக்கிறதுதான் பப்ளிக் எக்ஸாம். அதுல பாஸ் பண்ணா, உங்க வீட்டு முட்டை தோசையெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்லை.

முதல்லயே பதிலைச் சொல்லிடுறேன். செராமிக் பான்ல மீன் வறுக்கலாம், நல்லாவே வரும். ஆனா நம்ம ஊரு பழக்கப்படி தீயை முழுசா வெச்சு வறுத்தா, சில மாசத்துலயே அந்தப் பான் சாதாரண அலுமினியச் சட்டி மாதிரி ஒட்ட ஆரம்பிச்சுடும். ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்து வாங்குற பொருள் ஒன்றரை வருஷம் உழைக்கணுமா, நாலு மாசத்துல மூலைக்குப் போகணுமா என்பது பெரும்பாலும் உங்க கேஸ் அடுப்பின் திருகுல இருக்கு.

பேர்லதான் செராமிக்!

'செராமிக்னா மண்சட்டி மாதிரிதானே'ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மண்சட்டியும் ஊறுகாய் ஜாடியும் களிமண்ணைச் சுட்டு செஞ்சவை. அடி முதல் விளிம்பு வரை செராமிக்தான். கடையில 'செராமிக் ஃப்ரை பான்'னு விக்கிறது அப்படி இல்லை. உள்ளே இருப்பது அலுமினியம். அதுக்கு மேல, மணலில் இருக்கிற அதே சிலிக்காவை அடிப்படையா வெச்சுத் தயாரிச்ச ஒரு கரைசலை ஸ்ப்ரே பண்ணி, சூடாக்கி இறுக வைக்கிறாங்க. இதுக்கு சோல்-ஜெல் முறைன்னு பேரு. அந்தப் பூச்சு கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன்தான் இருக்கும், பல பான்களில் அதைவிடவும் மெல்லிசு. நீங்க காசு கொடுக்கிறது அந்த முடிப் பருமனுக்குத்தான்.

புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள்ல எனாமல் தூக்கு, அடுக்கு கேரியர் பார்த்திருப்பீங்க. பாட்டி காலத்துப் பொருள், இன்னும் பளபளன்னு இருக்கும். அதுவும் பூச்சுதான், ஆனா வேற ரகம். இரும்பின் மேல் கண்ணாடித் தூளைப் போட்டு சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவெச்சது. கீழே போட்டு உடைக்காத வரை தலைமுறை தாண்டும். ஆனா அதுல முட்டை ஒட்டும். செராமிக் பான் வழுக்குறதுக்குக் காரணம், அந்த சிலிக்கா பூச்சுல சேர்ந்திருக்கிற சிலிகோன் வகை மூலக்கூறுகள். தண்ணியையும் பிசுபிசுப்பையும் தள்ளிவிடுற வேலையை அதுதான் செய்யுது. அதிகச் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்து போறதும் அதேதான். பூச்சு பார்க்கப் புதுசா இருந்தும் மீன் ஒட்டுதுன்னா, பெரும்பாலும் நடந்திருக்கிறது இதுதான்.

டெஃப்லானைப் பார்த்து பயந்து ஓடணுமா?

நிறைய பேர் செராமிக் பக்கம் வர்றதே டெஃப்லான் பயத்துலதான். அதனால அந்தக் கதையையும் பார்த்துடுவோம். மீனவர் ஊரைப் பத்தி பேசுற கட்டுரைக்குப் பொருத்தமான ஒரு தகவலும் இதுல இருக்கு.

டெஃப்லான் என்று நாம சொல்ற பி.டி.எஃப்.இ. என்ற வேதிப்பொருளை 1938-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடிச்சார். 1950-களில் பிரான்ஸில் மார்க் கிரிகோயர் என்ற எஞ்சினீயர் அதைத் தன்னோட தூண்டில் சாமான்களில் பூசிப் பார்த்துக்கிட்டிருந்தார், மீன் பிடிக்க! அதைச் சமையல் பாத்திரத்துல பூசலாமேன்னு யோசனை கொடுத்தது அவர் மனைவி கொலெட் என்பாங்க. 1956-ல் டெஃபால் கம்பெனி பிறந்தது இப்படித்தான். ஆக, நான்ஸ்டிக் பான் முதல்ல கிளம்பினதே தூண்டில் பெட்டியில இருந்துதான்.

பிரச்னை வந்தது, அதைத் தயாரிக்கப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற துணை வேதிப்பொருளால். 2019-ல் வந்த 'டார்க் வாட்டர்ஸ்' படம் பார்த்தவங்களுக்கு இந்த விவகாரம் தெரியும். தொழிற்சாலைக் கழிவு தண்ணியில கலந்து, மக்கள் உடம்புல தங்கி, கோர்ட் வரைக்கும் போன கதை. அதே 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் கீழ் உலக அளவில் ஒழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் பி.எஃப்.ஓ.ஏ. சேர்ந்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

இங்கேதான் லேபிள் உங்களைக் குழப்பும். 'பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா அது டெஃப்லான் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. இன்னிக்கு பிராண்டட் கம்பெனிகள் விக்கிற டெஃப்லான் பான்களிலேயே அந்த வாசகம் இருக்கும். உங்களுக்கு நிஜமான செராமிக் பூச்சுதான் வேணும்னா 'பி.டி.எஃப்.இ. ஃப்ரீ' அல்லது 'பி.எஃப்.ஏ.எஸ். ஃப்ரீ'ன்னு தெளிவா எழுதியிருக்கணும். 'கிரானைட்', 'ஸ்டோன்', 'மார்பிள்' எல்லாம் பெரும்பாலும் டிசைன் பேருதான். புள்ளி புள்ளியா கல்லு மாதிரி தெரியும், உள்ளே பி.டி.எஃப்.இ.யே இருக்கலாம். பொருள் விவரம் பகுதியில 'கோட்டிங் மெட்டீரியல்' என்ன போட்டிருக்குன்னு பார்க்காம வாங்காதீங்க.

நியாயமா ஒண்ணையும் சொல்லணும். டெஃப்லான் பானை சுமார் 260 டிகிரிக்குள் வெச்சுக்கிட்டா, அந்தப் பூச்சு எதோடயும் வினைபுரியாது. தெரியாம ஒரு துணுக்கு வயித்துக்குள்ள போனாலும் அப்படியே வெளியே வந்துடும். காலிப் பானை அடுப்புல மறந்து, சூடு அதுக்கு மேல ஏறினா புகை வரும். அது மனுஷனுக்குக் காய்ச்சல் மாதிரி தொந்தரவு தரும், பறவைக்கு உயிரே போகும். வீட்டுல லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவங்க செராமிக் பக்கம் போறதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம். அந்த ஃப்ளோரின் புகை நிஜமான செராமிக் பூச்சுல கிடையாது.

ஆக, சரியா பயன்படுத்தினா டெஃப்லான் நாள் கூட உழைக்கும். அஜாக்கிரதையா சூடாக்கினா செராமிக் குறைவான ஆபத்து, ஆனா சீக்கிரம் வழுக்கல் போயிடும். எனக்குக் கேட்டா, அடுப்பை வெச்சுட்டு போன் பார்க்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு செராமிக்தான் சரி. பான் வீணாப் போனாலும் பரவாயில்லை.

கையில எடுத்துப் பார்க்க முடியலையே!

அறந்தாங்கி பாத்திரக் கடைக்குப் போனா தூக்கிப் பார்த்து வாங்கலாம். போன்ல ஆர்டர் போடுறவங்க எப்படிக் கனத்தைக் கண்டுபிடிக்கிறது? எடையைப் பாருங்க. பெரும்பாலான ஆன்லைன் பக்கங்கள்ல 'ஐட்டம் வெயிட்' கொடுத்திருப்பாங்க. 24 செ.மீ. பான், கைப்பிடியோட சேர்த்து 700 கிராமுக்குப் பக்கத்துல இருந்தா அலுமினியம் சுமார் 3 மி.மீ. கனம் இருக்கும்னு எதிர்பார்க்கலாம். 500 கிராமுக்குக் கீழேன்னா தகடு மெல்லிசு. மெல்லிசான பான்ல தீ படுற இடம் மட்டும் கொதிக்கும், ஓரம் சும்மா கிடக்கும். நடுவுல மீன் கருகி, ஓரத்துல வேகாம இருக்கிறது இதனாலதான். அப்படி நடுவுல ஏறுற சூடுதான் பூச்சையும் முதல்ல சாப்பிடும்.

அளவைப் பொறுத்தவரை 24 செ.மீ.ன்னு சொல்றது மேல்வாய் விட்டம். அடிப்பாகம் 18, 19 செ.மீ.தான் இருக்கும். வஞ்சிரம் துண்டு மூணு, நாலு வைக்கலாம். தனியா இருக்கிறவங்களுக்கும் புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கும் இது போதும். நாலு பேர் வீட்டுக்கு 28. அதுக்கு மேல ஆசைப்பட்டா நம்ம வீட்டு பர்னர் தாங்காது, மறுபடியும் நடுவுல மட்டும் சூடுங்கிற பிரச்னை வரும்.

இண்டக்ஷன் அடுப்பு வெச்சிருந்தா அடியில இரும்புத்தகடு பதிச்ச பான் வேணும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் பான் அடியில ஒட்டினா சரி. உள்பக்கக் கலர்ல, வெள்ளை போட்டோவுக்கு அழகு, மஞ்சள்தூளுக்கு எதிரி. ரெண்டாவது வாரமே மஞ்சள் கறை பிடிச்சுடும். கறை பிடிச்சா பான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை, சமையலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும்னா சாம்பல் கலரே வாங்கிடுங்க. இன்னொண்ணு, 2024-ல் மத்திய அரசு அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை போட்டிருக்கு. பேரே கேள்விப்படாத பிராண்டுன்னா அந்த முத்திரையைத் தேடுங்க.

சங்கராவை இறக்குங்க

சரி, பான் வந்தாச்சு. வெந்நீர்ல சோப்பு போட்டு மெதுவா கழுவி, துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெயைத் துணியில தொட்டு உள்ளே தடவிடுங்க. இப்ப மீன்.

மீன் ஏன் ஒட்டுது? ஈரம்தான் முதல் காரணம். கழுவின மீனை அப்படியே மசாலா தடவிப் போட்டா, அந்தத் தண்ணி ஆவியாகுற வரைக்கும் மேல்தோல் முறுகாது. முறுகாத மீன்ல இருக்கிற புரதம் பானைப் பிடிச்சுக்கும். அதனால துண்டுகளைச் சுத்தமான துணியில ஒத்தி எடுங்க. மசாலாவைக் குழைக்கத் தண்ணிக்குப் பதிலா எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் எண்ணெயும் போதும். கொத்தா அப்பாம மெல்லிசா தடவி, அரைமணி நேரம் ஊற விடுங்க. பான்ல கருகுறது பாதி நேரம் மீன் கிடையாது, கொத்தா உதிர்ற மிளகாய்த்தூள்தான்.

எண்ணெய் இல்லாம வறுக்கலாம்னு ரீல்ஸ் சொல்றதை மறந்துடுங்க. ரெண்டு டீஸ்பூன் வேணும். கடலை எண்ணெய் நல்லது. ஸ்ப்ரே பாட்டில்ல வர்ற சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதுல கலந்திருக்கிற லெசித்தின் பூச்சு மேல பசை மாதிரி படிஞ்சு, கழுவினாலும் போகாது.

காலிப் பானைச் சூடாக்கிட்டு எண்ணெய் ஊத்துறது இரும்புக் கல்லுக்கான பழக்கம். இங்கே எண்ணெயை ஊத்திட்டு, தீயைப் பாதிக்கும் கீழே வெச்சு ஆரம்பிங்க. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பார்ப்போமே, சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினா கல்லு தயார்னு? அந்தச் சூடு சுமார் 200 டிகிரிக்குப் பக்கம். இரும்புக்கு அது சரி, செராமிக் பானுக்கு அதுவே அதிகம். இங்கே ஒரு கறிவேப்பிலையைப் போட்டுப் பாருங்க. நிதானமா சடசடன்னு பொரிஞ்சா மீனை வைக்கலாம். எண்ணெய் புகைய ஆரம்பிச்சுட்டா அடுப்பை அணைச்சு ஆற விட்டுட்டு மறுபடி தொடங்குங்க.

வெச்ச மீனை நாலு நிமிஷம் தொடாதீங்க. இதுதான் எல்லாருக்கும் கஷ்டமான விஷயம், கை சும்மா இருக்காது. அடிப்பக்கம் முறுகிட்டா மீன் தானா விட்டுடும். பானை லேசா அசைச்சா துண்டு நகரும். நகரலைன்னா இன்னும் ஒரு நிமிஷம். மரக்கரண்டியோ சிலிகான் கரண்டியோ வெச்சு ஒரே ஒரு தடவை திருப்புங்க. 'மெட்டல் கரண்டி யூஸ் பண்ணலாம்'னு டப்பாவுல போட்டிருந்தாலும் எவர்சில்வர் தோசைத்திருப்பியைக் கிட்டயே கொண்டு வராதீங்க. ஒரு ஈடு முடிஞ்சதும் உதிர்ந்த மசாலாவைத் துணியால துடைச்சுட்டு அடுத்த ஈடு போடுங்க. இல்லைன்னா அந்தத் தூள் கருகி, ரெண்டாவது ஈட்டுல ஒட்டவைக்கிற பசையா மாறிடும்.

இதெல்லாம் மூணு, நாலு பேருக்கு வறுக்கும்போது சரி. படகு வந்த நாளில் ரெண்டு கிலோ சங்கராவையும் காரலையும் ஒரே மூச்சுல வறுத்து, சொந்தக்காரங்க வீட்டுக்கும் கொடுத்து அனுப்புற குடும்பத்துக்கு இந்தப் பான் சரிப்படாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து அடுப்புல இருந்தா எவ்வளவு சிம்ல வெச்சாலும் சூடு ஏறிக்கிட்டேதான் போகும். அந்த வேலைக்கு இருப்புச்சட்டிதான். பழகின இரும்பு, சூடு ஏற ஏறத்தான் நல்லா விட்டுக்கொடுக்கும். மீன் குழம்புக்கு மண்சட்டி. காலை முட்டைக்கும், பிள்ளைங்களுக்கு நாலு துண்டு மீனுக்கும், நெத்திலியை அளவா வதக்கிறதுக்கும் செராமிக். மூணையும் வெச்சுக்கிட்டா ஒவ்வொண்ணும் நீண்ட நாள் வரும்.

கடற்கரைக்கே உரிய ஒரு எதிரி

எந்த விளம்பரத்துலயும் சொல்லாத விஷயம், மணல். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்ப கருவாட்டுப் பானையைத் திறக்காத வீடு கம்மி. கடற்கரை மணல்ல உலர்த்தின கருவாட்டுல எப்படியும் நாலு மணல் ஒட்டியிருக்கும். கரண்டி போடுற கீறலைவிட, கருவாட்டுத் துண்டுக்கு அடியில சிக்கின மணல் போடுற கீறல் மோசம். பூச்சும் சிலிக்கா, மணலும் சிலிக்கா. ஒண்ணை ஒண்ணு தாராளமா அறுக்கும். கருவாட்டை வெந்நீர்ல ஊறவெச்சு, ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிட்டுத்தான் பான்ல போடணும். உப்பும் குறையும். கீறல் வழியா உப்புத் தண்ணி அலுமினியத்தைத் தொட்டா அந்த இடம் பொரிஞ்சு, சுத்தி இருக்கிற பூச்சும் உரியும். அதனால கருவாடு வறுத்த பானை ராத்திரி முழுக்கச் சிங்க்ல ஊற விடாதீங்க.

பாத்திரம் தேய்க்க மணலும் சாம்பலும் எடுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகள்ல இருக்கு. அம்மாவோ அத்தையோ பாசத்துல பளபளன்னு தேய்ச்சுக் கொடுத்துடுவாங்க, கவனம்! கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், தேய்க்கிற பவுடர் எதுவும் ஆகாது. ஸ்பாஞ்ச், சோப்பு, வெந்நீர், அவ்வளவுதான். அடுப்புலேருந்து இறக்கின சூட்டோட குழாய்த் தண்ணியைக் காட்டாதீங்க. அலுமினியமும் பூச்சும் ஒரே அளவுல சுருங்காது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சாப்பிட்டு முடிச்சுட்டு வந்து கழுவினா பானும் ஆறியிருக்கும். அடுக்கி வைக்கும்போது நடுவுல ஒரு பழைய துணி.

ஒட்ட ஆரம்பிச்சுட்டா?

உடனே தூக்கிப் போட வேண்டாம். ரெண்டு காரணம் இருக்கலாம்னு பார்த்தோம். எண்ணெய் கருகிப் பிடிச்ச பழுப்புப் படலம்னா சரி பண்ணிடலாம். ஆப்பசோடாவை கொஞ்சம் தண்ணியில குழைச்சு உள்ளே பூசி, அரைமணி நேரம் கழிச்சு ஸ்பாஞ்சால வட்டமா தேய்ங்க. ரெண்டு, மூணு தடவை செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் சிறு தீயில அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு முட்டையை உடைச்சு ஊத்துங்க. முட்டை நகர்ந்தா பான் பிழைச்சது. சுத்தமா இருக்கிற பான்லயும் முட்டை ஒட்டினா, வழுக்க வைக்கிற சரக்கு தீர்ந்துபோச்சு. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த யூடியூப் டிப்ஸும் கிடையாது. பூச்சு உரியாத வரைக்கும் எண்ணெய் கூட விட்டு வதக்கல், தாளிப்புக்கு வெச்சுக்கலாம்.

பூச்சு உரிஞ்சு அலுமினியம் தெரிஞ்சா சமையலுக்கு எடுக்காதீங்க. ஐ.சி.எம்.ஆரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கூட, பூச்சு தேய்ந்த நான்ஸ்டிக் பாத்திரத்தை அப்புறப்படுத்தத்தான் சொல்லுது. புளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டா வெறும் அலுமினியம் கரைஞ்சு சாப்பாட்டுல சேரும். நம்ம மீன் சமையல்ல புளிப்பு இல்லாத நாள் ஏது?

வாரன்டி கார்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. பல கம்பெனிகளில் கைப்பிடி உடைஞ்சாலோ தயாரிப்புக் குறை இருந்தாலோதான் மாத்திக் கொடுப்பாங்க. தேய்மானமும் அதிகச் சூட்டால் வந்த பாதிப்பும் அதுல வராது. பொடி எழுத்துல போட்டிருக்கும், வாங்குற அன்னிக்கே படிச்சுடுங்க. பில்லை ஒரு போட்டோ எடுத்தும் வெச்சுக்கோங்க. உரிஞ்ச பானைக் குப்பையில போடாம, கைப்பிடியைக் கழட்டிட்டு பழைய இரும்புக் கடையில போடுங்க. அலுமினியத்துக்கு இரும்பைவிட நல்ல விலை கிடைக்கும்.